மாதாவுக்குப் போன டீம் லிஸ்ட்

"முதலாவதாக, கோல் கம்பத்துக்கு நடுவில் நிற்கும் அந்த மனிதரை உடனே வெளியேற்ற வேண்டும்" என்று கேட்லின் ஒலிபெருக்கியில் வாசித்தாள்.

"சகாயத் தாயே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கோயில் முழுவதும்.

ஆறாவது வரிசையில் முழங்காலில் இருந்த லாசரஸ் தலையை முன்பெஞ்சுக்குக் கீழே தாழ்த்திக்கொண்டார். சனிக்கிழமை மாலை நவநாள் ஜெபத்தில், பெட்டியில் விழுந்த மன்றாட்டுக் கடிதங்களில் நாலைந்தைப் பெயர் சொல்லாமல் வாசிப்பது அந்தப் பங்கின் வழக்கம். மூட்டு வலி, வேலை மாற்றம், பிள்ளையின் பரீட்சை என்று வரும். எல்லாரும் சேர்ந்து ஜெபிப்பார்கள். கோல் கம்பம் இதுவரை வந்ததில்லை.

"இரண்டாவதாக, பின்னால் நிற்கும் நால்வரும் தூங்குகிறார்கள்."

கோயிலின் பின்வாசலில் நின்றிருந்த நான்கு தொண்டர்கள் சட்டென்று நிமிர்ந்தார்கள். கேட்லின் நிறுத்தவில்லை. அவள் ஜூனியர் காலேஜில் படிக்கும் பெண். தமிழ் உச்சரிப்பு தவறக்கூடாது என்ற ஒரே கவலையில் எழுத்து எழுத்தாக வாசிப்பாளே தவிர, என்ன வாசிக்கிறோம் என்று கவனிக்கமாட்டாள். கேப்டனுக்குக் கால் ஓடவில்லை, வாய் மட்டும் ஓடுகிறது, ஒரு மாலையைப் போட்டு அனுப்பிவிடலாம் என்று வாசித்தாள். பங்குப் பேரவைத் தலைவர் முகம் சிவந்தது. நான்காவதாக, நடுவில் ஒரு ஜப்பான்காரரைக் கொண்டுவர வேண்டும் என்றபோதுதான் பாதிரியார் எழுந்து வந்து காகிதத்தை வாங்கிக்கொண்டார்.

லாசரஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்த மனைவி பிலோமினம்மாள் ஜெபமாலையை உருட்டியபடியே கேட்டாள்.

"இது உங்க லெட்டர்தானே?"

அவருடையதுதான்.

அது ரோச்சோர் ரேஞ்சர்ஸ் கால்பந்துக் கிளப்பின் தலைவருக்கு அவர் எழுதிய திட்டம். ஒன்பது பக்கம். எட்டு அணிகள் ஆடும் லீக்கில் இந்த சீசனில் எட்டாவதாக வந்த அணிக்கு வேறு எப்படி எழுதுவதாம்? துவாஸ் கப்பல் பட்டறையில் இருபத்தாறு வருடமாக ஆட்களை மேய்க்கும் ஃபோர்மேன் அவர். யார் வேலை செய்கிறான், யார் வேலை செய்வதுபோல் நிற்கிறான் என்பது அவருக்குப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்த அணியில் பதினோரு பேரும் நிற்கிறவர்கள். வீடு இருக்கும் பிடோக்கிலிருந்து துவாஸ் வரை கிழக்கு மேற்காகத் தீவையே குறுக்கே கடக்கும் ரயிலில், ஒரு வாரம் உட்கார்ந்தும் நின்றும் எழுதினார். யாரை அனுப்புவது, யாரை வைப்பது, எந்த நாட்டிலிருந்து எத்தனை அடி உயரத்தில் ஆளைக் கொண்டுவருவது என்று எல்லாம் அதில் இருந்தது. தமிழில்தான் எழுதினார். கோபம் அவருக்கு இங்கிலீஷில் வராது. கிளப் தலைவர் கோவிந்தராசுவும் ஜாலான் புசாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் தமிழர் என்பதால் வசதியாகப் போயிற்று.

ஒன்பதாம் பக்கம்தான் முக்கியம். மூன்றாம் கோல்கீப்பருக்கு ஒரு சீசன் முழுவதும் வாய்ப்புக் கொடுங்கள் என்று அதில் எழுதி, மூன்று கோடு போட்டிருந்தார். மூன்றாம் கோல்கீப்பர் டாரியஸ், அவருடைய ஒரே மகன்.

மூன்று வருடங்களுக்கு முன் தேர்வுக்குப் போய்விட்டு வந்து, "எடுத்துட்டாங்கப்பா" என்றான் டாரியஸ். அடுத்த வார்த்தை பேசுவதற்குள், ஏற்கெனவே இருக்கும் இருவருக்கு அடுத்த மூன்றாம் கோல்கீப்பர் என்று கணக்குப் போட்டு, லாசரஸ் கேக் வாங்கக் கிளம்பிவிட்டார். பிளாக்கில் பன்னிரண்டு மாடிக்கும் கேக் போனது. அன்றிலிருந்து இன்றுவரை அவனை ஒரு ஆட்டத்தில் இறக்கவில்லை. பெஞ்சில்கூட உட்காரவைக்கவில்லை. அணியின் இணையப் பக்கத்தில் எல்லார் படமும் இருக்கிறது, அவன் படம் இல்லை. கேட்டால், "அப்டேட் பண்ணல லா" என்கிறான். லாசரஸ் வாங்கிக் கொடுத்த ஜெர்மன் கையுறை இரண்டு வருடமாகியும் புதிதாகவே இருக்கிறது. பயிற்சியில்கூட அவன் பக்கம் பந்தை அடிப்பதில்லை போலிருக்கிறது, பாவிகள். ஆனாலும் பையன் சளைக்கவில்லை. இதோ ஜூன் மாதம், சீசன் முடிந்து மற்ற ஆட்டக்காரர்களெல்லாம் பாலிக்கும் பேங்காக்குக்கும் பறந்துவிட்டார்கள். இவன் மட்டும் தினமும் காலை எட்டரைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளப்புக்குப் போய் ஆறரைக்குத்தான் வருகிறான். இப்படி ஒரு உழைப்பாளியை உட்கார வைத்திருக்கிறார்களே என்று நினைத்தாலே லாசரஸுக்கு ரத்தம் கொதித்தது.

வருடா வருடம் திட்டம் அனுப்பினார். வருடா வருடம் ரசிகர் தொடர்புப் பிரிவு என்று கையெழுத்தில்லாமல் ஒரே பதில் வந்தது. "தங்கள் கருத்துக்கு நன்றி. பரிசீலிக்கிறோம். தங்கள் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளவும். முக்கியமாக பிரஷர்." எழுதிய ஆளை ஒரே ஒரு முறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது லாசரஸின் ஆசை. என் பிரஷரைப் பற்றிப் பேச அவன் யார்?

கதை இதோடு நின்றிருந்தால் கோயிலில் கொஞ்சம் மானம் போனதோடு முடிந்திருக்கும். ஆனால் லாசரஸ் இரண்டு கடிதங்கள் எழுதியிருந்தார். இரண்டாவது, மாதாவுக்கு.

போன டிசம்பரில் பங்குக் குடும்ப விழாவில் பெனால்டி அடிக்கும் போட்டி வைத்தார்கள். டாரியஸ் கோலில் நின்றான். மார்வின் என்ற பல் டாக்டர், செருப்புக் காலோடு, கையில் ஜூஸ் பாக்கெட்டோடு ஐந்து அடித்தார். ஐந்தும் உள்ளே போயின. லாசரஸ் அன்று இரவெல்லாம் தூங்கவில்லை. ஊருக்கு முன்னால் அவர் அப்பா. மாதாவுக்கு முன்னால் ரசிகர். ரசிகரால் பொய் சொல்ல முடியாது.

"தாயே, என் மகனுக்குக் கோல் கம்பத்தில் நிற்கும் கை இல்லை. எனக்குத் தெரியும். அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் மனம் நோகாமல் அந்தக் கையுறையைக் கழற்றி, அவனுக்கு ஏசி அறையில் ஒரு நாற்காலி கொடும்." இவ்வளவுதான் எழுதினார். பெயர் போடவில்லை. பிலோமினம்மாள் அறைக்குள் வந்த அவசரத்தில் இரண்டு வெள்ளை உறைகளையும் விலாசம் எழுதாமலே ஒட்டிவிட்டார். சனிக்கிழமை காலை தேக்கா மார்க்கெட்டுக்கு ஆட்டுக்கறி வாங்கப் போகிற சாக்கில் ஒன்றை ஜாலான் புசாரில் கிளப்பின் தபால் பெட்டியில் போட்டார். மற்றதை மாலையில் நவநாளுக்குச் சற்று முன் கோயில் பெட்டியில் போட்டார்.

மாதாவுக்கு டீம் லிஸ்ட் போயிருக்கிறது என்றால், கோவிந்தராசுவுக்கு என்ன போயிருக்கிறது? திங்கட்கிழமை கமிட்டி கூடி, யாருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது என்று முடிவு செய்யப்போகிறது. பெற்ற அப்பனே கை இல்லை என்று எழுதித் தந்த காகிதம் அங்கே மேசைமேல் இருக்கும். பையனின் வேலை போகும். ஏன் போயிற்று என்று அவனிடம் சொல்லியும் விடுவார்கள். அதற்கப்புறம் எந்த முகத்தோடு அவனுக்கு எதிரே உட்கார்ந்து சோறு தின்பது?

கோயில் வாசலிலேயே நின்று கிளப்பின் வாட்ஸ்அப் எண்ணுக்குக் குரல் செய்தி அனுப்பினார். வெள்ளை உறையில் இருக்கும் கடிதத்தை யாரும் பிரிக்கக்கூடாது, பிரித்தால் நடப்பது வேறு, இது மூன்றாம் கோல்கீப்பர் டாரியஸின் அப்பா லாசரஸ் பேசுவது என்று அதட்டிவிட்டு விரலை எடுத்தார். எடுத்த பிறகுதான் உறைத்தது. கடிதத்தில் யார் பெயரும் இல்லை. இப்போது இரண்டு பேர் பெயரையும் இவரே சேர்த்துவிட்டார்.

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. "கடிதம் பத்திரமாக இருக்கிறது. கவலை வேண்டாம். பிரஷரைக் கவனித்துக்கொள்ளவும்."

"இவன் மட்டும் என் கையில மாட்டட்டும்" என்றார் லாசரஸ், போனைப் பார்த்து.

அன்று இரவு டாரியஸ் அப்பாவுக்கு எதிரே சாப்பிட உட்கார்ந்தான். மீன் தலைக் குழம்பில் கன்னத்துச் சதையை அவன் ஆறு வயதிலிருந்து யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அதை எடுத்து அப்பாவின் தட்டில் வைத்தான். ஒப்பந்தம் போய்விடுமோ என்ற கவலையில் பிள்ளைக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று நினைத்த லாசரஸ் அதைத் திரும்ப அவன் தட்டிலேயே வைத்தார். பத்திரமாக இருக்கிறது என்றால் இன்னும் பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும், விடிந்ததும் எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், மனைவியைப் பேருந்தில் ஏற்றிவிட்டு ஜாலான் புசாருக்குப் போனார். கிளப் அலுவலகம் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்தது. கீழே சுவரில் பதித்த பெரிய இரும்புத் தபால் பெட்டி. இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே குச்சி நுனியில் இருபக்க டேப் ஒட்டி, வாய்க்குள் விட்டுத் துழாவினார். ஏதோ ஒட்டியது. இழுத்தார். ஏர்கான் கழுவுகிறவர்களின் விளம்பரம் வந்தது. மறுபடி விட்டார். குச்சி உடைந்து உள்ளே விழுந்தது. ஆத்திரத்தில் கையையே விட்டார்.

கை போனது. திரும்பி வரவில்லை. இருபத்தைந்து வருடச் சேவைக்குப் பட்டறை கொடுத்த கைக்கடிகாரம் உள்ளே எதிலோ மாட்டிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்கு வரும் கூட்டத்தில் பாதி அந்த வழியாகத்தான் நடக்கும். பத்துப் பேர் நின்றார்கள். பிறகு முப்பது பேர் நின்றார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவன் இளமாறன். லாசரஸின் கீழ் வெல்டராக வேலை பார்க்கிறவன். வெள்ளிக்கிழமைதான், கையை எங்கே விடுகிறோம் என்று பார்த்து விடத் தெரியாதவன் பட்டறைக்கு வரக்கூடாது என்று அவனை எல்லார் முன்னாலும் திட்டியிருந்தார்.

"சார், கைய எங்க சார் விட்டீங்க?"

அவன் கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் லாசரஸுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. இளமாறன் ஓடிப்போய்த் தேங்காய் எண்ணெய் வாங்கி வந்து முழங்கை வரைக்கும் ஊற்றினான். எண்ணெயில் வழுக்கி, மணிக்கட்டுவரை இருந்த கை முழங்கைவரை உள்ளே போனது. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். சிலர் படம் எடுத்தார்கள். எல்லாரையும் பட்டறை மொழியில் திட்டினார் லாசரஸ். ஒருவரும் நகரவில்லை.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து காவலாளி அப்துல் மஜீது இறங்கி வந்தார். கையைப் பார்த்தார், எண்ணெயைப் பார்த்தார், போனை எடுத்து யாரிடமோ இரண்டு வார்த்தை பேசினார். பெட்டிச் சாவி ஆபீஸ்காரரிடம்தான் இருக்கிறதாம். பிடோக்கிலிருந்து வர வேண்டும், அரை மணி நேரம் ஆகும், அதுவரை கையை ஆட்டாமல் இருக்கச் சொன்னார்.

ஆபீஸ்காரர் என்றதும் லாசரஸின் அதட்டல் அடங்கிவிட்டது. அவன் வந்து பெட்டியைத் திறந்தால் கடிதம் அவன் கைக்குத்தானே போகும்? இளமாறனைக் கூட்டத்தை விலக்கச் சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மனிதரிடம் குரலைத் தாழ்த்திக் கெஞ்சினார்.

"பாய், அவர் வர்றதுக்குள்ள பெட்டிய உடைச்சிடுங்க, காசு நான் குடுக்கிறேன். உள்ள ஒரு கடிதம் இருக்கு. மாதாவுக்கு எழுதினது, தப்பா இங்க விழுந்துடுச்சு. எம் மவனப் பத்தி. அவனுக்குக் கை இல்லன்னு நான் எழுதிட்டேன் பாய். அது யார் கண்ணுலயாவது பட்டா அவன் வேலை போயிடும். அவன் காதுக்குப் போச்சுன்னா, அப்பா நம்மள நம்பவே இல்லன்னு நினைச்சுக்குவான். அதத்தான் என்னால தாங்க முடியாது."

சொல்லி முடிப்பதற்குள் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளப் போனவருக்கு ஒரு கை பெட்டிக்குள் இருந்தது, இன்னொரு கையில் எண்ணெய் இருந்தது. அப்துல் மஜீது தன் கைக்குட்டையை எடுத்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"அந்தக் கடிதம் பெட்டியில இல்லண்ணே, நேத்து மத்தியானமே எடுத்துப் படிச்சிட்டு, ஏசி ரூம்ல தன் நாற்காலியில உக்காந்து சிரிக்கவும் அழவுமா ரொம்ப நேரம் இருந்துச்சு, மூணு வருஷமா இங்க ரசிகர் கடிதத்துக்கெல்லாம் பதில் போடுற நம்ம டாரியஸ் தம்பி."