கரீம்தாதின் கேக்கும் என் மகனுக்குக் கிடைக்காத கைதட்டலும்

உடன்பிறந்த குலந்தாமுக்கு, எல்லைக்கு இந்தப் பக்கம், ஈரானின் தாயபாதிலிருந்து உன் அக்கா ஜீவர் சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. ஹெராத்தில் உன் வீட்டார் எல்லோருக்கும் ஆண்டவன் சுகம் தரட்டும். இங்கேயும் எல்லோரும் சுகம், நான் ஒருத்திதான் வயிறெரிந்து கிடக்கிறேன். உன் மருமகள் இதுவரை படிக்கட்டும், மீதியை நீயே எழுத்துக் கூட்டிப் படி.

விஷயம் எதிர்வீட்டு மாஹ்நெஸாவைப் பற்றியது. உன் கல்யாணத்தில் சோற்றில் உப்பு கூடிப்போச்சு என்று பந்தி முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாளே, அவள்தான். முப்பத்தெட்டு வருஷமாகிறது, நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. அவள் மகன் கரீம்தாத் எல்லைச் சாவடிக்குப் பக்கத்தில் லாரிகளுக்கு டயர் மாற்றுகிற கடையில் இருந்து, அங்கே அபின் பழகி, அது கிடைக்காத நாளில் வடிசாராயம் குடித்து, வீட்டுக் கம்பளத்தையும் டீ கொதிக்கிற சமோவரையும் விற்று, ஒரு தடவை எங்கள் கோழிக்கூண்டுக்குள் விழுந்து தூங்கினான். அந்தக் காலத்தில் மாஹ்நெஸா என்னைக் கண்டால் முக்காட்டை இழுத்துவிட்டுக் குனிந்து போவாள். பொய் சொல்வானேன், நான் நிமிர்ந்துதான் போவேன். என் ஹபீப் ஒரு சிகரெட்டைக்கூடத் தொட்டதில்லை. அந்தப் பெருமையில்தான் இந்தத் தெருவில் எந்த விருந்திலும் எனக்கு முதல் இடம்.

இப்போது கரீம்தாத் விட்டுவிட்டான். விடட்டும், நல்லதுதான். ஆனால் விட்டு ஒரு வருஷம் ஆனதற்குப் பிறந்தநாளாம். விட்டவர்களெல்லாம் வியாழக்கிழமை கூடுகிற மண்டபத்துக்குத் தெருவையே அழைத்து, சுளகு அகலத்துக்கு ஒரு கேக், அதில் ஒற்றை மெழுகுவத்தி, அவன் அம்மா கையை முத்தமிட இருநூறு பேர் கைதட்ட, பெண்களெல்லாம் மூக்கைச் சிந்த, மாஹ்நெஸா மடியில் பூங்கொத்தோடு முன் நாற்காலியில். எனக்குச் செருப்புகளுக்குப் பக்கத்தில் இடம். கேக்கை அவளே கொண்டுவந்து, "எடுத்துக்கோ ஜீவர், உன் பிள்ளைக்கு இதெல்லாம் எங்க நடக்கப் போவுது" என்றாள். தின்றேன். ருசியாக வேறு இருந்து தொலைத்தது.

அடுத்த வியாழன் ஹபீபை இழுத்துக்கொண்டு நானும் போனேன். பொறுப்பாளர் ஒரு தாடிக்காரர். "புதுசா வந்திருக்கீங்க, பேரைச் சொல்லுங்க தம்பி" என்றார்.

"ஹபீப். டீ குடிப்பேன்."

"விட்டு எத்தனை நாளாச்சு?"

"டீயையா?"

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, "நாப்பத்தொரு வருஷமாச்சு. பொறந்ததுலேருந்தே தொடல. நாப்பத்தொரு மெழுகுவத்தி வையுங்க" என்றேன். மண்டபமே சிரித்தது.

"அம்மா, இது விழுந்து எழுந்தவங்களுக்கு."

"அப்ப விழாம நடந்தவனுக்கு யாருய்யா கைதட்டுறது?"

தாடியைத் தடவிக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெளியே வந்ததும் ஹபீப், "ஒரு மாசம் பழகிட்டு விட்டுடவாம்மா? ஒனக்கு ஒரு கேக்காவது கிடைக்கும்" என்றான். முதுகில் ஒன்று வைத்தேன். எங்கள் வீட்டு வாசற்படியை அந்தக் கருமம் மிதித்ததே இல்லை என்று மாஹ்நெஸா காதில் விழுகிற மாதிரி தெரு நெடுகச் சொல்லிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

உன் பேரப்பிள்ளைகளின் நெற்றியில் என் முத்தம். உன் அடுப்பு அணையாதிருக்கட்டும், உன் வீட்டுக்காரரின் இருமல் நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா ஜீவர்

பின்குறிப்பு: எழுதி வைத்த கடிதத்தைக் கொண்டுபோக லாரிக்காரன் வரவில்லை, அதனால் இதையும் சேர்க்கிறேன். என் மூட்டுவலிக்கென்று திராட்சை மூட்டைக்குள் வைத்து நீ பத்தொன்பது வருஷமாக அனுப்புகிறாயே, நான் தினம் காலையில் கடலையளவு டீயில் கரைத்துக் குடிக்கிற கறுப்பு உருண்டை, அதை மருந்து என்றுதான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வியாழன் தனியாகப் போய் தாடிக்காரரிடம் காட்டி, "இதுவும் சேர்த்தியா?" என்று கேட்டேன். "அபினேதாம்மா, சேர்த்திதான்" என்றார். "கேக்குக்குமா?" "கேக்குக்கும்தான்." விட்டு இன்று ஐந்தாம் நாள். எலும்பெல்லாம் முறித்துப்போட்ட மாதிரி வலிக்கிறது, மூக்கு நிற்காமல் ஒழுகுகிறது. மாஹ்நெஸா கஞ்சி கொண்டுவந்து என் காலை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு இது பார்த்துப் பழகியது. இனி திராட்சையை மட்டும் அனுப்பு. உருண்டை கேட்டு என் கையெழுத்தில் கடிதம் வந்தால் கிழித்து அடுப்பில் போட்டுவிடு, அழுது எழுதியிருந்தாலும் சரி.