மாதிரி அண்ணனுக்குப் பெண் பார்த்தோம்

நான் ஒரு மடையன். என் வாயை நம்பித் தூது அனுப்பினால் நிச்சயமான கல்யாணமும் நின்றுபோகும். இது தெரிந்தும் பெண் பார்க்க என்னைக் கூட்டிப்போன ஒரே மனிதர் மாதிரி அண்ணன்தான். பேராக் மாநிலம் முழுக்கச் சலித்தாலும் அவரைப்போல் இன்னொருவர் தேறமாட்டார். ஏற்கெனவே மூன்று வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

ஜெலாப்பாங்கில் இருவருக்கும் ஒரே தொழிற்சாலை, ஒரே வாடகை வீடு. பழைய பிரிட்டிஷ் மாதிரிக் காசு என்றால் அவருக்கு உயிர். ஒரு காசை வெளியிடுமுன் அழகு பார்க்க ஒன்றிரண்டு அடிப்பார்களாம், பிடிக்காவிட்டால் ஒதுக்கிவிடுவார்களாம். அப்படி ஒதுக்கிய ராணி தலை வெள்ளிக் காசு ஒன்றுக்காகத் தன் மோட்டார் சைக்கிளையே விற்றவர், பிறகு என் மோட்டாரின் பின்னால்தான் உட்கார்ந்து வந்தார். வீட்டில் இருந்த ஒரே ஏர்கோன் குளிரும் அந்தக் காசுக்கு. நான் எட்டிப் பார்த்தால், “கிட்ட வந்து மூச்சு விடாத லா, கறுத்துப் போயிரும்!”

சுங்காயில், ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எழுப்பிய தாமான் குடியிருப்பில் பெண் வீடு. பெண் கிளினிக்கில் தாதி. எனக்கு அக்கா வயசு. தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்த அவர் அப்பா என்னை ஓரமாய் அழைத்தார்.

“மாப்பிள்ளை எப்படிப்பா?”

“மாதிரி ஆளு அங்கிள்! பேக்டரியில யாரை வேணா கேளுங்க, மாதிரின்னுதான் சொல்வாங்க.”

“ஒரு மாதிரியா?”

“ஐயோ, மாதிரிக் காசு அங்கிள்!”

“காசு மாதிரியா? அப்ப கள்ளக் காசா?”

நிலைமையைக் காப்பாற்ற அண்ணன் சட்டைப்பையிலிருந்து காசையே எடுத்து நீட்டினார். அக்கா ஆசையாய் ராணியின் மூக்கில் விரல் வைத்ததுதான் தாமதம்.

“ஓரத்தப் புடிங்க!” என்று கத்தினார் அண்ணன். நாலாவதும் போச்சு என்று நான் வாசலில் செருப்பைத் தேடினேன்.

அக்கா காசைத் திருப்பிக் கொடுத்தார். ஆவி பறக்கும் தேத்தண்ணிக் கிளாஸை அண்ணனிடம் நீட்டினார்.

“நீங்களும் ஓரத்தப் புடிங்க. சுடும்.”

முதலில் சிரித்தது மண்டோர்தான்.

சம்பந்தம் பேசி முடித்துக் கிளம்பும்போதுதான் எனக்கு உறைத்தது. இனி மோட்டாரின் பின்சீட்டில் யார் உட்கார்ந்து என்னைத் திட்டுவார்கள்? அதைக் காட்டிக்கொள்ளாமல் அக்காவிடம் வம்பிழுத்தேன்:

“நல்லா யோசிச்சுக்குங்கக்கா. அப்புறம் நாங்க திருப்பி எடுத்துக்க மாட்டோம் லா.”

“கேட்டாலும் தரமாட்டேன்.”