தாண்டு அண்ணையின் ஆறு

ஆறே இல்லாத ஊரில் பிறந்து, ஓர் ஆற்றை வீட்டுக்குள் வைத்திருந்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவரை எங்களுக்குத் தாண்டு அண்ணை என்றுதான் தெரியும். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

யாழ்ப்பாணத்தாருக்கு ஆறு என்றால் ஐந்துக்கு அடுத்தது. கிணறு தெரியும், கடல் தெரியும், மாரிக்கு நிரம்பிக் கோடைக்கு வெடிக்கும் குளம் தெரியும். மழை பெய்தால் ஓடி, வெயில் அடித்தால் காணாமல் போகும் வழுக்கையாற்றைக் காட்டி எங்களுக்கும் ஓர் ஆறு உண்டென்று பெருமையடித்த ஆட்கள் நாங்கள். அப்படிப்பட்டவர்களில் ஏழு பேர், தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோ சென் ஜேம்ஸ் ரவுணின் உயரமான கட்டடம் ஒன்றில், ஒற்றை அறை வீட்டில், நிஜமான ஓர் ஆற்றோடு குடியிருந்தோம்.

நான் அங்கே போய் இறங்கிய நாளில் கையில் ஒரு பையும் காலில் யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த பெரிய சப்பாத்தும் இருந்தன. சப்பாத்தைக் கழற்றிவிட்டு முதல் வேலையாக வாஷ்றூம் எங்கே என்று கேட்டேன். காட்டிய பக்கம் நடந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் "தாண்டு!" என்றது.

எங்கள் ஊர்ப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை. காலைத் தூக்கிக் கடப்பதும் தாண்டுதான். தண்ணீரில் அமிழ்ந்துபோனாலும் தாண்டு போச்சு என்போம். வள்ளம் தாண்டு போச்சு என்று கேட்டால் சனம் கடற்கரைக்கு ஓடும். நானும் யாரோ தாண்டு போனார்கள் என்று பயந்து நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

"தம்பி, ஆத்துக்குள்ள நிக்கிறீர்," என்றார் சோபாவில் இருந்த மனிதர், மிகுந்த மரியாதையோடு.

குனிந்து பார்த்தேன். தரை முழுவதும் ஒரு தேசப்படம். பள்ளிக்கூடங்களில் சுவரில் தொங்குமே, துணி ஒட்டிய பெரிய படம், அதுதான். கனடாவின் நடுவில் பாய் விரித்ததுபோலக் கிடக்கும் பிரேரிச் சமவெளி மட்டும் அதில் இருந்தது. ஏதோ பள்ளிக்கூடம் கழித்துவிட்டதைத் தாண்டு அண்ணை தூக்கிவந்து, திசைகாட்டி வைத்து வடக்குப் பார்த்து, நிலத்தில் ஒட்டி வார்னிஷ் அடித்திருந்தார். அமெரிக்காவில் தொடங்கி வடக்கே வினிபெக் நகரத்துக்குள்ளால் போகிற றெட் ரிவரை மாத்திரம் நீலப் பெயின்ற்றால் ஒரு சாண் அகலத்துக்குத் தீட்டியிருந்தார். அந்த ஆற்றைக் கடக்காமல் வாஷ்றூமுக்குப் போக வழியில்லை. வயிற்றாலை போய் அவசரமாக ஓடியவனும் தாண்டித்தான் போனான்.

படத்தில் மெல்லிய கோடாக இருக்கவேண்டிய ஆறு ஏன் இவ்வளவு அகலம் என்று கேட்டேன். "இப்ப மெல்லிசுதான். வெள்ளம் வந்தால் உவ்வளவு வரும், பாரும்," என்றார். இந்த மனிதரோடு எப்படிக் காலம் தள்ளப்போகிறோம் என்று அன்றைக்கு எனக்குக் கவலையாக இருந்தது.

அவர் கதை இதுதான். எண்பதுகளில் அகதியாக வந்தவரைப் பொறுப்பெடுத்தது வினிபெக்குக்குத் தெற்கே, ஆற்றங்கரையில் இருந்த ஒரு குட்டி ஊரின் தேவாலயம். அந்த ஊரைச் சுற்றி வட்டமாக மண் அணை. மழை நீரும் அணைக்குக் கீழால் கசியும் நீரும் உள்ளே தேங்காமல் இறைத்து வெளியே விட ஒரு பம்ப் ஹவுஸ். அதைப் பார்த்துக்கொண்ட பீற்றர் என்ற வெள்ளைக்காரக் கிழவருக்கு இவர் கையாளாகச் சேர்ந்தார். ஊரில் வேறு தமிழன் இல்லை. சில வருஷங்களில், தமிழ் பேசாமல் நாக்குத் தடித்துப்போகிறது என்று ரொறன்ரோவுக்குப் பஸ் ஏறியவர், பிளாஸ்ரிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். தண்ணீரை விட்டாலும் வாளியை விடவில்லை.

சாப்பாடும் படத்தின் மேல்தான். ஆளுக்கொரு பிரதேசம். என் சோற்றுக் கோப்பை சஸ்காச்சுவானில் இருக்கும். செல்வத்தின் மீன்குழம்பு அல்பேர்ட்டா முழுவதையும் மஞ்சளாக்கியிருந்தது. செல்வம் எங்களில் வாய்க்காரன், உணவகம் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவன். ஆறு வடக்கே ஓடுகிறது என்பதை அவன் கடைசிவரை நம்பவில்லை.

"வடக்கு மேலயெல்லோ அண்ணை இருக்கு? தண்ணி எப்பிடி மேல ஏறும்?"

"மேல எண்டு ஆர் சொன்னது? படத்தைச் சுவரில மாட்டினவன் சொன்னது. அதுதான் நான் நிலத்தில ஒட்டினனான். இப்ப சொல்லு, எது மேல?"

செல்வம் படத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு தனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது என்றான்.

வடக்கே ஓடுவதுதான் அந்த ஆற்றின் வில்லங்கமும். வசந்தத்தில் தெற்கே பனி முதலில் உருகும். வடக்கே ஆறு இன்னும் பனிக்கட்டியாக உறைந்து கிடக்கும். தாண்டு அண்ணை இதை எங்கள் கட்டடத்து லிஃப்ற்றை வைத்து விளக்குவார். கீழே ஆட்கள் ஏறிக்கொண்டே இருக்கிறார்கள், மேலே கதவு திறக்கவில்லை என்றால் உள்ளே நிற்பவன் கதி என்ன? எங்களுக்கு அது உடனே விளங்கியது. அதற்காகத்தான் வினிபெக்கைச் சுற்றி இன்னோர் ஆறு வெட்டி வைத்திருக்கிறார்கள் என்பார். அதையும் படத்தில் ஒரு சிறு நீலக் கோடாகப் போட்டிருந்தார். இதையும் தாண்ட வேண்டுமா என்று செல்வம் கேட்டான். வெள்ளம் வந்தால் மட்டும் என்று பதில் வந்தது.

அடுத்தது காப்பு விவகாரம். ஒருநாள் இவர் இரண்டு மாடி மேலே இருந்த பூமணி அன்ரியிடம் போய், சின்னப் பிள்ளைகளின் பழைய கண்ணாடிக் காப்புகள் ஏதும் கிடக்குமா என்று கேட்டு நாலைந்து வாங்கியும் வந்துவிட்டார். பூமணி அன்ரி கலியாணம் பேசி வைப்பதில் பேர்போனவர். தாண்டு அண்ணைக்கு வினிபெக்கில் ஒரு பெண்சாதியும் பெண்குழந்தையும் இருப்பதாக அன்று பின்னேரமே கட்டடம் முழுவதும் தெரிந்துவிட்டது. மகளுக்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள். தன் ஒன்றுவிட்ட தங்கைக்கு இவரை மனதுக்குள் நிச்சயித்து வைத்திருந்த அன்ரி, கையும் களவுமாகப் பிடிக்க நேரே இறங்கி வந்தார்.

"தம்பி ஒளிக்காமல் சொல்லும். உந்தக் காப்பு ஆருக்கு?"

"ஊருக்கு அன்ரி."

ஆற்றோரத்தில் ஒவ்வொரு ஊரைச் சுற்றியும் ஒரு காப்பு ஒட்டியிருந்தது. எல்லாம் அந்த வட்ட அணைகள். பச்சைக் காப்புக்குள் இருந்தது பீற்றர் கிழவரின் ஊர். ஆறு கரை புரண்டால் அணையில் வீதி நுழையும் வாசலையும் மண்போட்டு மூடிவிடுவார்கள், ஊர் காப்புக்குள் பத்திரமாக இருக்கும் என்று அண்ணை முழங்காலில் இருந்து விளக்க, அன்ரி கலியாணத்தை மறந்து கேட்டுக்கொண்டு நின்றார். போகும்போது சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, சொல்லாமலே ஆற்றைத் தாண்டினார். மறுநாள் இன்னும் ஒரு பை நிறையக் காப்பு வந்தது.

இவ்வளவையும் சிரித்துக்கொண்டு எழுதிவிடலாம். இனி வருவதை அப்படி எழுத எனக்கு வராது.

அந்த ஐப்பசியில் சண்டை நெருங்கி, யாழ்ப்பாணத்துச் சனம் கொட்டும் மழையில் வீடுவாசலை விட்டு ஒரே தெருவால் வெளியேறியது. எங்கள் எல்லோருடைய ஆட்களும் அந்தத் தெருவில் இருந்தார்கள். தொலைபேசி இல்லை, கடிதம் இல்லை, கேட்க ஆள் இல்லை. கட்டடத்து லிஃப்ற்றில் அந்த நாட்களில் யாரும் யாரையும் சுகம் கேட்கவில்லை. தாண்டு அண்ணையின் தாயாரை அயலவர்கள் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். வெளியேறும் வழியில் இருந்த பாலத்துக்கு வருமுன்னே தெருவோரத்தில் உயிர் போய்விட்டது. கொழும்புக்கு வந்து சேர்ந்த ஒருவர் மூலம் செய்தி எங்களுக்கு வர ஒரு மாதம் பிடித்தது.

அவர் அழவில்லை. வேலைக்குப் போனார், வந்தார், சோபாவில் இருந்தார். "தாண்டு" என்ற சத்தம் மட்டும் நின்றுபோனது. நாங்கள் தாண்டிக்கொண்டுதான் இருந்தோம்; சொல்லத்தான் ஆளில்லை. பொறுக்கமுடியாமல் ஒருநாள் செல்வம் வேண்டுமென்றே இரண்டு காலையும் ஆற்றின் நடுவே ஊன்றிக்கொண்டு நின்றான். அண்ணை பேசுவார், அடித்தாலும் பரவாயில்லை என்று நினைத்திருக்கிறான். அவர் அவன் கால்களைப் பார்த்தார். பிறகு யன்னலைப் பார்த்தார். செல்வம் தானாகவே விலகிப் போனான். அன்று அவன்தான் சமைத்தான், உப்பில்லாமலே எல்லோரும் சாப்பிட்டோம்.

ஒன்றரை வருஷம் கழிந்து ஒரு வசந்தத்தில் அந்த ஆறு பெருகியது. ரீவியில் ஹெலிகொப்டரில் இருந்து எடுத்த படம் காட்டினார்கள். கரை என்று ஒன்று இல்லை. வயல், வீதி, வேலி எல்லாம் தண்ணீருக்குள் போய், ஆறு கடல்போலக் கிடந்தது. நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்ன வட்டங்கள், வட்டத்துக்குள் வீடுகள்.

"அண்ணை, காப்பு," என்றான் செல்வம். பிறகு மெதுவாக, "வடக்கதான் ஓடுது," என்றான்.

தாண்டு அண்ணைக்கு அது காதில் விழவில்லை. அவர் ஏற்கெனவே பம்ப் ஹவுஸுக்குப் போன் எடுத்துக்கொண்டிருந்தார். பீற்றர் கிழவருக்குக் காது மந்தம், ஆகையால் கிழவர் போனில் கத்தியது எங்களுக்கும் கேட்டது. ஊர்ச்சனத்தை வெளியே அனுப்பியாகிவிட்டது. அணையைப் பார்க்க நாலைந்து பேர் நிற்கிறார்கள். பம்ப் நின்றால் கசியும் தண்ணீர் ஊரை உள்ளுக்குள்ளேயே நிரப்பிவிடும். இருவர் மாறி மாறிப் பார்க்கவேண்டிய பழைய பம்ப், மற்ற ஆள் குடும்பத்தோடு போய்விட்டார். கிழவர் இரண்டு நாளாகப் படுக்கவில்லை.

அண்ணை போனை வைத்துவிட்டுப் பையை எடுத்தார். நாங்கள் சூழ்ந்துகொண்டோம். வாளித் தொழிற்சாலையில் லீவு தரமாட்டார்கள், வேலை போய்விடும் என்றோம். வீதியெல்லாம் மூடியாகிவிட்டது, உள்ளே விடமாட்டார்கள் என்றோம். கடைசியாகச் செல்வம் கேட்டான்: "அந்தக் கிழவன் உங்களுக்கு என்ன சொந்தம் அண்ணை?"

அவர் சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அம்மாட்டப் போறதுக்கு பஸ் ஓடேல்லையடா. இதுக்கு ஓடுது."

செல்வம் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் வரை போனான்.

அவரை எப்படி ஊருக்குள் விட்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. படகில் கொண்டுபோய் இறக்கினார்கள் என்று ஒரு கதை. எங்கள் வீட்டில் ரீவி அணையவேயில்லை. பூமணி அன்ரி தினமும் இறங்கி வந்து, பச்சைக் காப்புக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார். நாங்கள் பெரிய ஆற்றைத் தாண்டிய கையோடு, வினிபெக்கைச் சுற்றி வெட்டிய ஆறென்று அவர் போட்ட அந்தச் சின்ன நீலக் கோட்டையும் தாண்டினோம். வெள்ளம் வந்தால் தாண்டவேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார் அல்லவா.

ஒரு காலை போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். முதலில் ஓர் இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணை, ஊர் தாண்டு போச்சோ?"

"இல்லைத் தம்பி," என்றார். "தாண்டிட்டுது."

"காப்பு?"

"காப்பு உடையேல்லை. கிழவன் நித்திரை கொள்ளுறான். அவன்ர குறட்டைதான் பம்பைவிடச் சத்தம்."

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். செல்வம் பறித்து இரண்டாவது முறை கேட்டுவிட்டு அவனும் அழுதான். எங்கள் ஊர்களில் எத்தனையோ தாண்டு போயின. தாண்டியது என்று எங்களுக்குத் தெரிந்த ஒரே ஊர் அதுதான். அங்கே எங்களுக்குத் தெரிந்த தமிழர் ஒருவர்தான் இருந்தார்.

அவர் திரும்பி வரவில்லை. கிழவருக்கு இனி ஏலாது, பம்ப்பைத் தானே பார்க்கப்போவதாகச் சொல்லி அனுப்பினார். தமிழ் பேச ஆசை வந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பார். அன்றைக்கு நாங்கள் பேசத்தேவையில்லை, கேட்டாலே போதும். கொஞ்சக் காலத்தில் நாங்களும் கலைந்தோம். செல்வம் கலியாணம் கட்டி மல்வேர்னுக்குப் போனான், நான் விட்பிக்கு வந்தேன். ஞாயிற்றுப் போனும் இடம் மாறி இடம் மாறி எங்கோ தவறிப்போனது.

வீட்டை ஒப்படைக்கும்போது தரையைச் சுத்தமாக்கித் தரவேண்டும் என்றார் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சுப்பர். செல்வம் முழங்காலில் இருந்து கத்தியால் படத்தைக் கிளப்பினான். எங்கள் குதிக்கால்கள் பட்டுப் பட்டுப் பிரேரி முழுவதும் தேய்ந்து வெளிறி, துணியாகக் கிடந்தது. ஆறு மட்டும் தீட்டிய அன்றைக்கு இருந்த அதே நீலம். காப்பு ஒன்றும் உடையவில்லை. அந்தத் துண்டை அவன் சுருட்டாமல் விரித்தபடியே தன் காருக்குள் வைத்தான், நான் எனக்கு வேண்டும் என்று கேட்கவில்லை.

விட்பியில் என் வீட்டில் இரண்டு வாஷ்றூம், தரையில் வழுவழுப்பான மரப்பலகை. ஆனாலும் கீழே இருக்கும் வாஷ்றூமுக்குப் போகும்போது ஓரிடத்தில் என் வலது கால் தானாக உயர்ந்து ஒரு சாண் கடந்து விழும். மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். தாண்டு அண்ணை, எங்கே இருந்து இதை வாசித்தாலும் ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் ஆற்றை நான் இன்னும் மிதிக்கவில்லை.