பதினெட்டுக் கிறிக்கி

நாலாவது சுற்றில் பெரியதம்பி களத்தில் காய்ந்துகொண்டிருந்த மல்லாட்டைக் குவியலின் மேல், வேர்க்கடலைக் காய்கள் நொறுங்க, போய் விழுந்தான். விழுந்தவன் உடனே எழுந்திருக்கவில்லை. வானம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அது நிற்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான்.

"எத்தினி?" என்று படுத்தபடியே கேட்டான்.

"மூணே முக்கா," என்றாள் பெண்சாதி கிருஷ்ணவேணி, கையிலிருந்த முறத்தைக் கீழே வைக்காமல். "நாலாவது முடியறதுக்குள்ள சாஞ்சிட்ட."

"நாலுன்னே வெச்சிக்க."

"நான் வெச்சிக்கிறேன். காணைக்காரங்க வெச்சிப்பாங்களா?"

அதுதான் பேஜாரு. பெரியதம்பிக்கு வயது நாற்பத்துநாலு. திண்டிவனம் பக்கத்தில் கூத்தாடுகிற கோஷ்டியை ஜமா என்பார்கள். அப்படி ஒரு ஜமாவில் இருபது வருஷமாகத் துரியோதனன் வேஷம் அவனுடையது. வசனத்தில் அவனை அசைக்க ஆளில்லை. பாட்டும் பரவாயில்லை. ஆனால் கிறிக்கி? தாவி இறங்கி, தலையில் கிரீடமும் தோளில் புஜக்கட்டையும் கனக்க, நின்ற இடத்தில் பம்பரமாய்ச் சுழல்கிற அந்தச் சமாச்சாரம் முப்பது வயசோடு அவனிடம் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டது. இரண்டு சுற்றுச் சுற்றுவான். மூன்றாவதுக்கு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு வசனத்தை ஆரம்பித்துவிடுவான். ஜனங்களும் போனால் போகிறதென்று விட்டிருந்தார்கள்.

இந்த மாசியில் காணையிலிருந்து ஒரு கார்டு வந்தது. விழுப்புரத்தைத் தாண்டி இருக்கிற காணைதான், கிருஷ்ணவேணி பிறந்த ஊர். திரௌபதியம்மன் திருவிழாவில், பீமன் கையால் சாகிற படுகளத்தன்று துரியோதனன் நிறுத்தாமல் பதினெட்டுக் கிறிக்கி அடிக்க வேண்டும். முடியாதென்றால் இப்போதே தெரிவிக்கவும், வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம். இப்படிக்கு, விழாக் குழுவினர்.

வேறு ஊராயிருந்தால், "போங்கய்யா, நீங்களும் உங்க கூத்தும்," என்றிருப்பான். மாமியார் ஊராச்சே! முடியாதென்று எழுதிவிட்டு அப்புறம் எந்த மூஞ்சியோடு அங்கே போய்க் கை நனைப்பது?

"உன் தம்பி சின்னதுரை அந்தக் குழுவுலதானே கீறான்? அவனாண்ட ஒரு வார்த்தை சொல்லேன்," என்றான்.

"அவன் பேச்ச அங்க யாரு கேக்குறாங்க?" என்றாள் அவள். "முடியலன்னா முடியலன்னு எழுதிப் போட்டுடேன்யா. வருஷத்துல எட்டு மாசம் ஊரூரா போய்க்கினு கீற. வரும்போது முட்டி வீங்கிக்கினு வர்ற. போதும். இருக்கிற ஒரு ஏக்கராவப் பாத்துக்கினு வூட்டோட கெட."

உள்ளதைச் சொன்னால் அவனுக்கும் அலுத்துத்தான் போயிருந்தது. அரிதாரத்தைக் குழைக்கும்போதே கொட்டாவி வந்தது. ஆனாலும் தானாக விடுவது வேறு, மாமியார் ஊரில் கழற்றிவிடப்படுவது வேறு இல்லையா?

ஜமா வாத்தியார் முருகையன், பீமன் வேஷக்காரர், ஒரு யோசனை சொன்னார். "வயித்துல கூழு குலுங்கினா தலை சுத்தத்தான்டா சுத்தும். வெறும் வயித்தோட ஆடிப் பாரு."

மறுநாள் வெறும் வயிற்றோடு ஆடினான். இரண்டாவது சுற்றிலேயே கண் இருட்டிக்கொண்டு வந்தது. கிருஷ்ணவேணி தூக்கி உட்காரவைத்து, கேப்பைக் கூழைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தாள். அன்றைக்கு முழுக்க ரொம்பப் பிரியமாக இருந்தாள்.

அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று திண்டிவனத்துக்குப் போய் தேவசகாயத்தைப் பார்த்தான். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்.

"பிரான்சுல டான்சாடுற ஆம்பளைங்களும் சுத்துவாங்க தம்பி," என்றார் அவர். "குதிகால் தரையில படாது. துலோன் பட்டணத்துல ஒரு தியேட்டர் வாசல்ல எனக்கு டூட்டி. கதவிடுக்குல பாத்துக்கினே இருப்பேன்."

"கிரீடத்தோடயா?"

"கிரீடமாவது ஒண்ணாவது! இறுக்கமா ஒரு கால்சட்டை. அதுவும் போட்டாப்ல தெரியாது."

"ஐயையோ! பொம்பளைங்க பாக்குற எடத்துலயா?"

"பொம்பளைங்கதான் டிக்கெட்டு வாங்கி வந்தாங்க. கதைய உடு. தாவுறதுக்கு முந்தி முட்டிய மடக்கு. இறங்கும்போதும் மடக்கியே இறங்கு, வீக்கம் வராது. சுத்தும்போது எதிர்ல ஒண்ணைக் கண்ணால புடிச்சிக்க. உடம்பு திரும்பட்டும், தலை கடைசியாத் திரும்பணும். திரும்பினதும் வெடுக்குனு வந்து மறுபடி அதையே பாக்கணும். அப்ப மயக்கம் வராது."

வீட்டுக்கு வந்ததும் பெரியதம்பி கொட்டகையில் நின்ற கன்றுக்குட்டியைக் கண்ணால் பிடித்துக்கொண்டான். ஐந்து சுற்று அழகாக வந்தது. ஆறாவதில் கன்றுக்குட்டி தாயிடம் கிளம்பிப் போக, அவன் கண்ணும் கூடவே போக, எருக்குழியில் போய் இறங்கினான்.

"உட்டுடேன்யா," என்றாள் கிருஷ்ணவேணி, தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே.

நகராத சாமானாகப் பார்க்க வேண்டும் என்று புத்தி வந்தது. களத்துக்கு எதிரே முனியம்மாள் வீட்டு வாசல் இருந்தது. வாசல் எங்கேயும் போகாதே! மூன்று நாள் அதையே பார்த்துச் சுற்றினான். அந்த வாசலில் உட்கார்ந்து முனியம்மாள் தினமும் புளி ஆய்ந்துகொண்டிருந்தது அவன் புத்தியில் ஏறவே இல்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் முனியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"யக்கா, உன் வூட்டுக்காரரை என்னான்னு கேளு. மூஞ்சிய வெடுக்குனு திருப்பித் திருப்பி என்னையே பாக்குறாரு. இன்னிக்கு எண்ணியே பாத்துட்டேன். பதினோரு வாட்டி!"

"பதினொண்ணா!" பெரியதம்பி எழுந்தே நின்றுவிட்டான். "நல்லா எண்ணினியாம்மா? நடுவுல எங்கயும் நிக்கலியே?"

அதைவிட மோசமாக ஒரு கேள்வியை அந்த நேரத்தில் எவனும் கேட்டிருக்க முடியாது. முனியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு போனாள். வீட்டுக்குள் பாத்திரங்கள் இடிபட்டன. அவன் துலோன் என்றான், தியேட்டர் என்றான், கழுத்து என்றான். சொல்லச் சொல்ல விஷயம் இன்னும் நாறியது.

"எதிர்வூட்டுக்காரியப் பாருன்னு பிரான்சுக்காரன் சொன்னானா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, கிருஷ்ணவேணி அவன் கூழை மாட்டுக்கு ஊற்றிவிட்டாள்.

காலையில் அவன் களத்துக்குப் போனபோது, நடுவில் கிருஷ்ணவேணி நின்றிருந்தாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு.

"சுத்து. என்னைப் பாத்துச் சுத்து. கண்ணு அந்தாண்ட இந்தாண்ட போச்சு, தொலச்சிப்புடுவேன்."

பயம் எப்பேர்ப்பட்ட வாத்தியார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் நாளே பதினாலு வந்தது. நாலாம் நாள் பதினெட்டு. அத்தனை சுற்றிலும் அவள் முகம் போய்ப் போய் வந்தது. காதோரம் நரைத்திருந்தது. எப்போது நரைத்தது? இத்தனை தடவை அவள் முகத்தை அவன் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. அதை நினைத்தபோது அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது, துக்கமாகவும் இருந்தது. அவளும் பத்தாவது சுற்றுக்கு மேல் முறைப்பதை மறந்துவிடுவாள்.

படுகளத்தன்று காலையில் காணையே திரண்டு நின்றது. மண்ணால் செய்த துரியோதனன் ஒரு வீடு நீளத்துக்குப் படுத்திருந்தான். முன்வரிசையில், சொன்ன இடத்தில் கிருஷ்ணவேணி. பெரியதம்பி முட்டியை மடக்கித் தாவினான், மடக்கியே இறங்கினான், அவளைக் கண்ணால் பிடித்துக்கொண்டு சுழன்றான்.

பதினாறாவதில்தான் வினை வந்தது. "வெயில்ல ஏன்டி நிக்கிற?" என்று அவன் மாமியார் லட்சுமியம்மாள் மகள் கையைப் பிடித்து நிழலுக்கு இழுத்தாள். கிருஷ்ணவேணி நகர்ந்தாள். கண்ணை விட்டால் விழுந்துவிடுவான். ஆகவே துரியோதனனும் சுழன்றுகொண்டே நகர்ந்தான். கிரீடமும் கட்டையுமாக அவன் வருவதைப் பார்த்து அவள் ஓட ஆரம்பித்தாள். மண் துரியோதனனைச் சுற்றி அவள் ஓட, அவள் பின்னால் இவன் சுழல, இவன் பின்னால் கதாயுதத்தைத் தூக்கிக்கொண்டு பீமன் முருகையன் ஓட!

"நில்லுடா, உன்ன நான் கொல்லணும்டா!" என்று கெஞ்சினார் வாத்தியார். இரண்டாவது வட்டத்தில் மூச்சு வாங்கி, மண் துரியோதனன் காலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கோயில் மதிலில் கிருஷ்ணவேணியின் முதுகு முட்டி நின்ற பிறகுதான் பெரியதம்பி நின்றான். ஜனங்கள் எண்ணியது நாற்பத்தொன்று. இப்படியொரு படுகளத்தைக் கண்டதில்லை என்று கிழவர்கள் விசிலடித்தார்கள். துரியோதனனே திரும்பி நடந்துபோய் வாத்தியார் எதிரில் தொடையைக் காட்ட, அவர் உட்கார்ந்தபடியே ஒரு தட்டுத் தட்டிச் சாகடித்தார்.

அரிதாரத்தைத் துடைப்பதற்குள் நாலு ஊர்க்காரர்கள் வெற்றிலைபாக்குத் தட்டோடு வந்துவிட்டார்கள். ஆடி வரைக்கும் ஒரு நாள் மிச்சமில்லை. அடுத்த வருஷத்துக்கும் காணைக்காரர்கள் வாக்கு வாங்கிக்கொண்டார்கள். முட்டி விண்விண்ணென்று தெறித்தது. வேண்டாமய்யா, அலுத்துப்போச்சு என்று சொல்லத்தான் நினைத்தான். மாமியார் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தட்டாக வாங்கி வைத்தான்.

வேஷம் கட்டுகிற கொட்டகையின் மூலையில் கிருஷ்ணவேணி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பெருமையில் அழுகிறாள் என்று நினைத்தான் பெரியதம்பி. பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"அழுவாத வேணி. எல்லாம் உன்னாலதான்."

அவள் இன்னும் பலமாக அழுதாள்.

மோர்ச் சொம்போடு வந்த சின்னதுரை அக்காளைப் பார்த்தான், தட்டுகளைப் பார்த்தான், அதற்கு மேல் அவனால் பொறுக்க முடியவில்லை.

"இப்ப அழுது என்னாக்கா புண்ணியம்? பதினெட்டு கிறிக்கின்னு கார்டு போடுடா, மாமா பயந்துபோய் கூத்த உட்டுட்டு வூட்டோட இருப்பாருன்னு என்னை எழுதச் சொன்னவளும் நீ, எதிர்ல நின்னு சுத்த வெச்சவளும் நீயே!"