முதலாம் நம்பர் கை

எங்கள் ஒழுங்கையை, அந்தச் சின்னத் தெருவை, பிளேக்கிலிருந்து காப்பாற்றுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது தீர்மானித்தேன். வெள்ளவத்தையில் வேறு யாரும் அதற்கு முன்வரவில்லை. நான் அரசாங்கக் கிளாக்கர். பெயர் நாகேந்திரம். துறைமுகப் பக்கத்துக் கந்தோர் ஒன்றில் பன்னிரண்டு வருடமாக இடாப்பு என்னும் பதிவேடு எழுதுகிறேன். இடாப்பில் ஏறியது நடந்தது. ஏறாதது நடக்கவில்லை. எனக்குத் தெரிந்த வேதாந்தம் இவ்வளவுதான்.

அந்த வருடம் கப்பலில் வந்த எலிகள் துறைமுகத்தில் செத்து விழத் தொடங்கின. பின்னால் மனிதர்களும் விழுந்தார்கள். புதிதாக ஓர் ஊசி வந்திருக்கிறது, போட்டுக்கொண்டால் பிளேக் அண்டாது என்று சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினார்கள். எங்கள் ஒழுங்கை நோட்டீஸை வாசித்தது. நம்பவில்லை.

“எலியக் கரைச்சித்தான் ஊத்துறாங்களாம், ஐயா” என்றார் பக்கத்து வீட்டு மஜீட் நானா. புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருப்பவர். “போட்டா மீசை கொட்டுமாம். எண்ட பொஞ்சாதி லுத்பியா பயப்படுறா.”

“அவவுக்கு மீசை இல்லையே!”

“எனக்கு ஈக்கிதே, ஐயா!”

அன்று மாலையே ஒழுங்கையைக் கூட்டி வைத்து ஒரு மணி நேரம் பேசினேன். விஞ்ஞானம் பேசினேன். இங்கிலாந்து பேசினேன். மேசையில் இரண்டு முறை குத்தினேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். கடைசியில் மஜீட் நானா எழுந்தார்.

“ஐயா சொல்றது சரி. அப்ப ஐயா முதல்ல போடுங்க. ஒரு கிழமை, ஏழு நாள், பாப்பம். ஐயா மவுத்தாகாட்டி நாங்க எல்லாரும் போடுறம்.”

கை தட்டினார்கள். நானும் சேர்ந்து தட்டினேன்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எனக்கு ஊசி என்றால் பயம். எட்டு வயதில் அம்மைப்பால் குத்த வந்தவரைக் கண்டு வைக்கோல் போருக்குள் புகுந்தவன் நான். நாலு பேர் இழுத்துத்தான் வெளியே எடுத்தார்கள். இது என் மனைவி சிவமணிக்குத் தெரியாது என்று கலியாணம் முடித்த நாளிலிருந்து நம்பிக்கொண்டிருந்தேன்.

“இஞ்சாருங்கோ, நீங்கள் கட்டாயம் போடவேணும்” என்றாள் அவள். “நாளும் பொழுதும் அந்த எலி விழுகிற இடத்துக்குத்தானே போறியள். பின்னேரம் ஸ்டேஷனில கோச்சி வந்து, நீங்கள் படலையைத் திறக்கிறமட்டும் எனக்கு உயிர் இல்லை.”

“என்ன கதை கதைக்கிறீர்! முதலாம் நம்பரே நான்தான். இடாப்பும் நான்தான் எழுதப்போறன்.”

“எழுதுறதைச் சொல்லேல்லை. போடுறதைச் சொல்லுறன்.”

“இரண்டும் ஒண்டுதான்!” என்றேன். கந்தோரில் அப்படித்தான்.

சனிக்கிழமை எங்கள் வீட்டில் ஏற்பாடு. ஆனால் அந்நிய ஆணுக்கு முன்னால் வந்து கை காட்டமாட்டோம் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். அதில் மட்டும் லுத்பியாவும் சிவமணியும் ஒரே கட்சி. ஆகவே சாமான் அறை வாசலில் சிவமணியின் பழைய சேலை ஒன்றைத் திரையாகக் கட்டி, நடுவில் ஓர் ஓட்டை வைத்தோம். அறைக்குள் நிற்பவர் ஓட்டையால் கையை நீட்டவேண்டும். இந்தப் பக்கம் கதிரையில் இருக்கும் டொக்டர் கைக்கு ஊசி போடுவார். முகம் பார்க்கமாட்டார். ஆணுக்கொரு முறை, பெண்ணுக்கொரு முறை என்று தன்னால் எழுந்து எழுந்து இருக்க முடியாது என்று டொக்டர் பாலசுந்தரம் சொன்னதால், ஆண்களுக்கும், முதல் சனிக்கிழமை தனியாகப் போடும் எனக்கும் அதே ஓட்டைதான். வயதானவர். கண்ணாடி போட்டும் கண் குறைவு.

என் மூளை அப்போதுதான் வேலை செய்தது. சாமான் அறைக்குப் பின்னால் சமைக்கிற குசினி. குசினிக்குப் பின்னால் வளவு. வளவில் ஈரப்பலா மரம்.

ஒழுங்கை முழுவதும் படலைக்கு வெளியே, ஊசி பாய்ந்து வந்து குத்தாத தூரத்தில் நின்றது. நான் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வீரனாக அறைக்குள் போனேன். “முதலாம் நம்பர்!” என்று டொக்டர் கூப்பிட்டார். அப்போது நான் ஈரப்பலாவுக்குக் கீழே நின்றேன்.

நூறு வரை எண்ணினேன். பிறகு இடது கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்தபடி வந்தேன். டொக்டர் ஊசியைக் கழுவிக்கொண்டிருந்தார்!

“கை அசையவே இல்லை, மிஸ்டர் நாகேந்திரம். தைரியமான கை. கிளாக்கர்மாரின் கை இவ்வளவு மெதுமை என்று இன்றைக்குத்தான் கண்டேன்.”

பாவம், மனுஷன் சேலைக்கே ஊசியைப் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். அவர்மேல் இரக்கமாக இருந்தது. இடாப்பைத் திறந்து எழுதினேன்: ஒன்று. நாகேந்திரம். போட்டாயிற்று.

மறுநாள் மத்தியானம் சோற்றுக் கோப்பையில் சம்பலைக் காணவில்லை.

“சம்பல் எங்கே?”

“தேங்காய் துருவக் கை ஏலாது” என்றாள் சிவமணி. முகம் சிவந்து, கண் சோர்ந்து, சேலைத் தலைப்பால் இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தாள். “மேல் காயுது. தலையிடி.”

“ஊசி போட்ட நானே துள்ளிக்கொண்டு திரியிறன். போடாத உமக்கு என்ன வருத்தம்?”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “ஓம், உங்களுக்கு என்ன” என்றாள். போய்ப் படுத்துவிட்டாள்.

அந்தக் கிழமை முழுக்க நான் ஒழுங்கையில் ஊர்வலம் போனேன். மஜீட் நானாவின் துணிப்பொதியைத் தனியாகத் தூக்கிக் காட்டினேன். “காய்ச்சலா? எனக்கா?” என்று கேட்காதவர்களிடமும் சொன்னேன். ஒழுங்கைக்குத் தைரியம் வந்தது. அடுத்த சனிக்கிழமை நாற்பது பேர் எங்கள் வீட்டுக்குள் வந்து நின்றார்கள். எனக்கு மாலை போடாததுதான் குறை.

டொக்டர் எழுந்து சொன்னார்: “ஊசி போட்டால் ஒரு நாள் காய்ச்சல் வரும். கை வீங்கும். பயப்படவேண்டாம். மருந்து பிடித்ததற்கு அதுதான் அடையாளம். போன கிழமையும் முதலாம் நம்பருக்கு இதையெல்லாம் விளக்கமாகச் சொன்னேன்.”

முதலாம் நம்பர் இப்போதுதான் முதல் முறையாகக் கேட்கிறது.

திரைக்குப் பின்னாலிருந்து சிவமணியின் குரல் வந்தது. “டொக்டர் ஐயா, இவருக்குக் காய்ச்சலே வரேல்லை. கை வீங்கவுமில்லை. ஒழுங்கை முழுக்கச் சாட்சி.”

“ஓம் ஓம், பொதியெல்லாம் தூக்கினாரே!” என்றார் மஜீட் நானா.

“அப்படியா? அப்படியென்றால் மருந்து பிடிக்கவில்லை. திரும்பவும் போடவேண்டும்” என்றார் டொக்டர். “இந்த முறை கொஞ்சம் கூட்டிப் போடுவோம்.”

“தேவையில்லை டொக்டர், எனக்கு உடம்பிலேயே...”

“ஐயா பயப்படுறாரா?” என்றார் மஜீட் நானா. நாற்பது பேரும் படலைப் பக்கம் ஓரடி நகர்ந்தார்கள். “அப்ப நாங்களும் போறம்.”

ஒரு கிழமைப் பெருமை. நாற்பது உயிர். நான் அறைக்குள் போனேன். போன வேகத்தில் குசினிப் பின்கதவுக்கு ஓடினேன். கதவில் பூட்டு. பூட்டுக்குப் பக்கத்தில் சிவமணி. திறப்பு அவள் இடுப்பில்.

“இடாப்பை நான் எழுதுறன்” என்றாள். “நீங்கள் கையை நீட்டுங்கோ.”

நீட்டினேன். நான் கத்தவில்லை என்றே இன்றுவரை சொல்லி வருகிறேன். ஆனால் மஜீட் நானா ஓடிப்போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்தது உண்மை.

நாற்பது பேரும் போட்டுக்கொண்டார்கள். எனக்கு அன்று பின்னேரமே காய்ச்சல் கொதித்தது. கை பூசணிக்காயாக வீங்கியது. சிவமணி கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து பக்கத்தில் இருந்தாள். பிறர் எழுதிய இடாப்பைச் சரிபார்க்காமல் எந்தக் கிளாக்கரும் சாகமாட்டான். வாங்கிப் பார்த்தேன். நாற்பதுக்குப் பிறகு கடைசி வரியில் அவள் பெயர் இருந்தது.

“சிவமணி, போட்டாயிற்று எண்டு கிடக்குது. எப்ப போட்டனீர்? நான் காணேல்லையே!”

அவள் சட்டைக் கையை உயர்த்தினாள். பழைய ஊசிக் காயம். ஒரு கிழமைப் பழசு. கன்றி, ஆறத் தொடங்கியிருந்தது.

“அண்டைக்கு டொக்டர் முதலாம் நம்பர் எண்டு கூப்பிட்டார். முதலாம் நம்பர் ஈரப்பலாவுக்குக் கீழ நிண்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஒழுங்கை முழுக்கப் படலையில நிக்குது. உங்களைப் பார்த்துச் சிரிக்க விடுவனே? குசினியில நிண்ட நான் அறைக்குள்ள வந்து, காப்பைக் கழற்றிப்போட்டு என்ர கையை நீட்டிட்டன்.”

காய்ச்சலோடு சோறு போட்டவளிடம் சம்பல் எங்கே என்று கேட்டவன் நான். வெட்கம் பிடுங்கித் தின்றது. கண்ணும் கலங்கியது. காய்ச்சல் என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனாலும் பன்னிரண்டு வருடப் பழக்கம் விடவில்லை.

“அப்ப இடாப்பில பிழை கிடக்குதே, சிவமணி?”

“என்ன பிழை? அண்டைக்கு உங்கட பேரில எனக்குப் போட்டது. இண்டைக்கு என்ர பேரில உங்களுக்குப் போட்டது. இடாப்புச் சரி. கஞ்சியைக் குடியுங்கோ. சம்பல் மட்டும் கேக்காதையுங்கோ.”