எல்லா வரிசையும் பச்சை

மனிதர்களில் வேலை செய்கிறவர்கள் உண்டு, வேலை செய்யாதவர்கள் உண்டு என்பது நீங்கள் அறிந்ததுதான். மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்பதையே வேலையாக வைத்துக்கொண்டவர்கள். எங்கள் மருத்துவமனையில் அப்படி ஒருவர் இருக்கிறார். திட்ட மேலாண்மை அலுவலகத் தலைவர் என்கிறது கதவிலுள்ள பலகை. நாங்கள் ஸ்டேட்டஸ் சார் என்போம். உங்கள் இடத்திலும் ஒருவர் இருப்பார். பலகை வேறாக இருக்கலாம், அவ்வளவுதான்.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். சட்டைப் பையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பேனாக்கள் இருக்கும். சிவப்பின் மூடியை மட்டும் வாங்கிய நாளிலிருந்து திறந்திருக்க மாட்டார். எதிர்ப்பட்டால் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், தன் கையிலிருக்கும் தாளைப் பார்ப்பார், பார்த்துவிட்டு "எத்தனை பர்சன்ட் முடிஞ்சிருக்கு?" என்பார், நீங்கள் ஏணிமேல் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருந்தாலும் சரி, கழிப்பறையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தாலும் சரி, பதில் கிடைக்காமல் நகர மாட்டார், எழுபது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னால் எழுபது என்று எழுதிக்கொண்டு முகம் மலரப் போவார். எதில் எழுபது? அதை மட்டும் கேட்டதில்லை.

அந்த அலுவலகம் சும்மா வந்ததல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன்பு அறுவை அரங்கின் சுவருக்குப் பெயின்டர் செவ்வாய்க்கிழமை வண்ணம் பூசினார். புதன்கிழமை எலெக்ட்ரீஷியன் வந்து அதே சுவரை உடைத்து ஒயர் இழுத்தார். வியாழக்கிழமை இருவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். யார் முதலில், யார் பிறகு என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று நிர்வாகம் நினைத்தது, நல்ல நினைப்பு. வந்தவர் ஆறு வாரம் அதைத்தான் செய்தார். தாழ்வாரத்தில் ஒரு பலகை, அதில் சுண்ணக்கட்டியால் யாருக்கு எந்த நாள் என்று நாலு வரி. சுவர் எதுவும் உடையவில்லை. பிறகு அவருக்கு ஒரு புரொஜெக்டர் வாங்கிக் கொடுத்தார்கள்.

அன்றோடு போயிற்று.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் கூட்டம். முப்பத்தொரு திட்டங்கள், திரையில் முப்பத்தொரு வரிசைகள். ஒழுங்காக நடந்தால் பச்சை, தடுமாறினால் மஞ்சள், நின்றுபோனால் சிவப்பு. இதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். தப்பே இல்லை. ஆனால் ஒரு வரிசையைச் சிவப்பாகக் காட்ட வேண்டுமென்றால் பதினொரு பக்கப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும், மூன்று பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், மறுபடி எப்போது பச்சையாகும் என்று தேதி போட வேண்டும், அத்தனையும் புதன்கிழமை நாலு மணிக்குள் வந்து சேர வேண்டும். சிவப்பு வரிசையே இல்லாத நிறுவனம் நம்முடையது என்று மேலிடத்தில் அவர் பெருமை அடித்துக்கொள்வதில் என்ன வியப்பு? கூட்டம் நடக்கும் அறையின் மூலையில் ஒரு வாளி இருக்கும். மழை நாட்களில் கூரையிலிருந்து அதில் சொட்டிக்கொண்டே இருக்கும். பதினான்காம் வரிசை, கூரைப் பழுது. பச்சை.

நான் டயாலிசிஸ் பகுதியின் எழுத்தர். ஆகவே இருபத்திரண்டாம் வரிசையின் கதை எனக்குத் தெரியும். சிறுநீரகம் வேலை செய்யாத இருபத்தாறு பேர் வாரத்துக்கு மூன்று நாள் வந்து, நாலு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகும் இடம் எங்களுடையது. மூன்றாம் நாற்காலியில் ஒரு தையல்காரர். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் சொன்னதால் பாட்டில் மூடியில் அளந்து குடிப்பவர். ஒரு முறை தவறினால் கால் வீங்கும், இரண்டு முறை தவறினால் மூச்சு முட்டும். அவர்களுக்காகப் பக்கத்துக் கட்டடத்தில் புதிய வார்டு கட்டினார்கள். சனிக்கிழமை மாலை பழைய வார்டின் தண்ணீர்க் குழாயை மூடுவது, ஞாயிறு காலை ரிப்பன் வெட்டிப் புதியதைத் திறப்பது, மதியம் பழைய மிஷின்களைக் கழற்றுவது, திங்களிலிருந்து எல்லோரும் புதிய வார்டில். திட்டம் இதுதான்.

ஒரே ஒரு இடைஞ்சல். டயாலிசிஸுக்குக் கண்ட தண்ணீரையும் விட முடியாது. புதிய வார்டின் சுத்திகரிப்புத் தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வரப் புதன்கிழமை ஆகும். எங்கள் டெக்னீஷியன், பேச்சைக் குறைத்து வேலையைப் பார்க்கிற பெண், வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று அதைச் சொன்னார்.

"சார், தண்ணி டெஸ்ட் ரிசல்ட் இன்னும் வரல. வர்ற வரைக்கும் பழைய வார்டை மூடாதீங்க."

ஸ்டேட்டஸ் சார் மனதாரப் பாராட்டினார். இப்படித்தான் எல்லோரும் தைரியமாகப் பேச வேண்டும் என்றார். பிறகு திரையைப் பார்த்தார். இருபத்திரண்டாம் வரிசை பச்சையாக இருந்தது. தண்ணீர்ப் பரிசோதனை என்று அதில் ஒரு கட்டம்கூட இல்லை என்பதை வருத்தத்தோடு சுட்டிக்காட்டினார். சரி, எந்தத் தலைப்பில் சேர்க்கலாம்? நடக்காமல் இருந்தால் அதற்கு இடர் என்று பெயர், நடந்துவிட்டால் சிக்கல், இரண்டுக்கும் தனித்தனி ஏடு என்று விளக்கினார். ஒரு மேலாளர் இடர் என்றார். இன்னொருவர் ரிசல்ட் வராதது ஏற்கெனவே நடந்துவிட்டதால் சிக்கல் என்றார். இருபது நிமிடம் போயிற்று. கடைசியில் சம்பந்தப்பட்டவரையே கேட்டுவிடுவோம் என்று பெருந்தன்மையோடு அந்தப் பெண் பக்கம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்கம்மா. இது இடரா, சிக்கலா?"

"தண்ணி சார்," என்றார் அவர்.

எந்த ஏடு என்று முடிவாகாததால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அடுத்த வாரம் என்பது வார்டை மூடிய பிறகு வருகிறது என்று எனக்குத் தெரியும், அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். டீ வந்தது.

சனிக்கிழமை மாலை குழாயை மூட வேண்டியவர் எங்கள் பிளம்பர். கையெழுத்துப் போடுவதைத் தவிர எழுத்தோடு அதிக உறவு வைத்துக்கொள்ளாத மனிதர். டெக்னீஷியன் நேராக அவரிடம் போனார்.

"அண்ணா, மூடாதீங்க. புதுத் தண்ணி சரியான்னு இன்னும் தெரியாது."

"குடிக்கிற தண்ணியா?"

"ரத்தத்தைக் கழுவுற தண்ணிண்ணா."

"அப்போ மூடல தங்கச்சி," என்று சொல்லிவிட்டு பிளம்பர் சைக்கிளை எடுத்தார்.

அவ்வளவுதான் பேச்சு. இதற்குப் படிவம் இல்லை, ஏடு இல்லை, வண்ணமும் இல்லை. ஞாயிறு காலை ரிப்பன் வெட்டினார்கள். புகைப்படத்தில் ஸ்டேட்டஸ் சார் கத்தரிக்கோலுக்கு மிக அருகில் நின்றார். மதியம் மிஷின்களைக் கழற்ற வந்தவர்கள் குழாயில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்து, மூடாமல் கை வைக்க மாட்டோம் என்று திரும்பிப் போய்விட்டார்கள். திங்கட்கிழமை காலை தையல்காரர் எப்போதும்போல் வந்து பழைய மூன்றாம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, புது இடம் என்றார்களே என்று கேட்டார். இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்று டெக்னீஷியன் சொல்லிவிட்டு ஊசியை எடுத்தார்.

புதன்கிழமை முடிவு வந்தது. புதிய வார்டின் தண்ணீரில் கிருமி, அனுமதிக்கப்பட்ட அளவைப்போல நாற்பது மடங்கு.

ஸ்டேட்டஸ் சார் ஆடிப்போயிருப்பார் என்று நினைக்கிறீர்களா? உங்களுக்கு இன்னும் அந்த வகையைத் தெரியவில்லை. அந்த வெள்ளிக்கிழமை திரையில் இருபத்திரண்டாம் வரிசை "குறித்த தேதியில் நிறைவு" என்று பச்சையாகவே இருந்தது. ரிப்பன் குறித்த தேதியில்தானே வெட்டப்பட்டது? கிருமிக்கு முப்பத்திரண்டாவதாகப் புதிய வரிசை ஒன்று திறந்தார்கள். புதிதாகத் திறந்தது என்பதால் அதுவும் பச்சை. பிளம்பருக்கு மட்டும் ஒரு கடிதம் போயிற்று: திட்டமிட்ட பணியை முன் அனுமதியின்றி நிறுத்தியது ஏன், மூன்று நாளில் விளக்கம் தேவை. அவர் என்னிடம் வந்து சொல்லச் சொல்ல எழுத வைத்தார். தண்ணீர் சரியா என்று தெரியாது என்று அங்கே வேலை செய்கிறவர் சொன்னார், அதனால் மூடவில்லை. இவ்வளவுதான். ஒரு திட்ட அலுவலகத்தை எப்படி நடத்த வேண்டும் என்று இதைவிடத் தெளிவாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. உரிய வடிவத்தில் இல்லை என்று அது திரும்பி வந்தது. இன்றுவரை பிளம்பரின் கோப்பில் அந்தக் கடிதம் இருக்கிறது, பதில் இல்லை.

இவ்வளவு நேரம் ஸ்டேட்டஸ் சாரை வேண்டிய மட்டும் திட்டியிருப்பீர்கள். நானும் திட்டினேன். ஆனால் அந்த வரிசைக்குப் பச்சை அடித்தது யார்? அவர் அல்ல. வந்ததைத் திரையில் காட்டுவதோடு அவர் வேலை முடிந்தது. வியாழக்கிழமைதோறும் எங்கள் பகுதியின் வரிசையை நிரப்பி அனுப்புவது எழுத்தர். நான்தான். தண்ணீர் பற்றிப் பேசிய கூட்டத்துக்கு முந்தின வியாழக்கிழமை டெக்னீஷியன் என் மேசைக்கும் வந்து சிவப்புப் போடச் சொல்லிக் கெஞ்சினார். புதன்கிழமை நாலு மணி தாண்டிவிட்டது என்றேன். மஞ்சளாவது போடுங்கள் என்றார். மஞ்சளுக்கு ஏழு பக்கம். பச்சைக்குப் பக்கமே கிடையாது. எனக்கு வீட்டுக்குப் போகிற நேரம்.

என்னை அப்படிப் பார்க்காதீர்கள். இன்று காலை உங்களிடமும் ஒருவர் வந்து "அது என்னாச்சு?" என்று கேட்டாரே, நீங்களும் தலையைத் தூக்காமலே "போய்க்கிட்டிருக்கு" என்றீர்களே. அதைச் சொல்வதற்கு முன், அந்தச் சொல்லை நம்பித் திங்கட்கிழமை காலை எந்த நாற்காலியில் யார் வந்து சாயப்போகிறார் என்று ஒரு கணமாவது நினைத்துப் பார்த்தீர்களா?