மோப்பம் அக்கா கண்டுபிடித்த காப்பிக்கடை

அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுத்து கோணலாகத்தான் வரும். நினைவும் நடுநடுவே விட்டுப்போகும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

திருவனந்தபுரத்துப் போலீஸ் நாய்களுக்கெல்லாம் ஒரே நாளில் சளி பிடித்திருந்தால், மோப்பம் அக்கா ஒருத்தியை வைத்தே சமாளித்திருக்கலாம். ரயில் தம்பானூர் ஸ்டேஷனில் நிற்பதற்கு முன்பே ஜன்னல் கம்பிக்குள் மூக்கை விட்டு, எந்தத் திசையில் டிகாஷன் இறங்குகிறது என்று சொல்லிவிடுவாள். அவளுக்கு வேறு பேர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

தொண்ணூறுகளில் நாங்கள் ரெண்டு பேரும் திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் ரவிக்கைத் துணி எடுத்துவந்து குழித்துறைப் பக்கம் வீடு வீடாக விற்றோம். மாதம் ஒரு தடவை பாசஞ்சர் வண்டியில் போவோம். நான் துணிக்காகப் போனேன். அவள் காப்பிக்காக வந்தாள். போர்டு வைத்த கடை அவளுக்குக் கடையே இல்லை. சந்துக்குள், நாலு பேருக்கு மட்டும் தெரிந்த கடையாக இருக்கவேண்டும்.

"நல்ல காப்பிக்காரன் எதுக்கு ஏட்டி போர்டு வைக்கான்? மணம் போதாதா?"

கடை கிடைத்தாலும் உட்காரமாட்டாள். நேரே அடுப்படிக்குள் நுழைந்துவிடுவாள். ஒரு தடவை சமையல்காரர் கரண்டியோடு குறுக்கே நின்றார்.

"அம்மச்சி, எவிடே போணு?"

"பாலைப் பாக்கப் போறேன்."

பார்த்தாள். பானைக்குள் முகத்தையே விட்டாள். நிமிர்ந்து, கடை நிறைய உட்கார்ந்திருந்த ஆண்களிடம், "இது நேத்தைக்குப் பாலு, எல்லாரும் எழும்புங்க" என்றாள். ரெண்டு பேர் எழுந்தேவிட்டார்கள்! முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, ரோடு முடியும்வரை ஓடினேன்.

அதெல்லாம் ஒன்றுமில்லை. ஆரியசாலைப் பக்கம் ஒரு நாள் நடந்ததை நினைத்தால் இப்போதும் நெஞ்சு திக்கென்கிறது.

துணி எடுத்துத் திரும்பும்போது அக்கா சந்து முனையில் நின்றுவிட்டாள். மூக்கு விடைத்தது. "வந்தாச்சு பிள்ளே" என்று ஒரு வீட்டின் முன் கொண்டுபோய் நிறுத்தினாள். வாசலில் பத்துப் பதினைந்து செருப்புகள்.

"அக்கா, இது வீடு மாதிரி இருக்கே."

"வீட்டில நடத்துறாங்க. செருப்பைப் பாரு, எவ்வளவு ஆளு!"

உள்ளே நாற்காலிகளில் ஏழெட்டுப் பேர் பேச்சில்லாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். சந்தனம் பூசிய பெரியவர் ஒருவர் எழுந்து எங்களைக் கும்பிட்டார். பட்டுச்சேலை அம்மாள் ஒருத்தி சிரித்தபடி நகர்ந்து இடம் கொடுத்தாள். என்ன மரியாதையான கடை என்று நினைத்துக்கொண்டேன்.

பூ வைத்த ஒரு பெண் தட்டில் காப்பி கொண்டுவந்தாள். அக்கா முதல் தம்ளரை எடுத்தாள். ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள். திறக்கவே இல்லை.

பட்டுச்சேலை அம்மாள் மெதுவாக அக்காவிடம் கேட்டாள். "பொண்ணு எப்படி? வேலையெல்லாம் தெரியுமோ?"

"இந்தக் காப்பி போடுறாளே, வேற என்ன தெரியணும்? முகத்தைக் கொஞ்சம் சிரிச்சு வெச்சான்னா நாளுக்கு நூறு பேரு வருவான்."

"நூறு பேரா!"

"பின்னே? சாலையில உள்ளவன் அம்புட்டுப் பேரும் இங்கதான் கிடப்பான்."

அந்த அம்மாள் பேயடித்தது போல ஆகிவிட்டாள். அக்கா அதைக் கவனிக்காமல் மடியை அவிழ்த்து, பெரியவரைப் பார்த்து உரக்கக் கேட்டாள்.

"எவ்வளவு ஆச்சு?"

பெண் பார்க்க வந்த வீடு அது. மாப்பிள்ளை வீட்டார் எங்களைப் பெண்ணுக்குச் சொந்தம் என்றும், பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குச் சொந்தம் என்றும் நினைத்திருக்கிறார்கள். பட்டுச்சேலைதான் மாப்பிள்ளையின் அம்மா.

"துட்டு குடுத்துட்டுப் போற வீடா இது? எழும்புலே!" என்று மகன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். வாசலில் இருந்த செருப்பெல்லாம் ஒரே நிமிஷத்தில் காணாமல் போயிற்று.

பெரியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பொண்ணு பாக்க வந்த ஏழாமத்தே கூட்டராக்கும். இதாவது அமையும்னு இருந்தேன். மதி, போதும், எறங்கிப் போங்க" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அக்கா அவிழ்த்த மடியைக் கட்டிக்கொண்டு எழுந்தாள். அந்தப் பெண் அழவில்லை. வாசல் வரை வந்து, "காப்பி சத்தியமாட்டு நல்லா இருந்துச்சா அக்கா? இதுவரை வந்தவங்க யாரும் குடிச்சு முடிச்சதில்ல" என்றாள்.

"இந்த ஊர்ல ரெண்டு வருஷமாத் தேடுறேன். இதைத்தான் மக்ளே தேடுனேன்" என்றாள் அக்கா.

வரும்வழியில் ரயில் பாறசாலை தாண்டியபோது, "ஒரு பொண்ணுக்க வாழ்க்கையைக் குடிச்சுட்டேன் ஏட்டி" என்றாள். அந்த மாதம் முழுக்க அவள் காப்பி தொடவில்லை.

அடுத்த தடவை ரயிலை விட்டு இறங்கியதும் நேரே அந்த வீட்டுக்கே நடந்தாள். நான் சந்து முனையிலேயே நின்றுகொண்டேன். கையைப் பிடித்து இழுத்துப் போனாள். பெரியவர் காலில் விழப் போனாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளேயிருந்து ரெண்டு தம்ளர் வந்தது. குடித்து முடித்து, மறுபடியும் "எவ்வளவு?" என்றாள் அக்கா. எனக்கு உயிரே நின்றுவிட்டது!

அந்தப் பெண் அப்பாவைப் பார்த்தாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அவள் கையை நீட்டிக் காசை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த மாதம் அக்கா துணிக்கடைக் கணக்குப்பிள்ளையைக் கூட்டிப்போனாள். அதற்கடுத்த மாதம் மூட்டை தூக்குகிறவர்கள் நாலு பேர். வருஷம் திரும்புவதற்குள் அந்த முன்னறையில் ரெண்டு பெஞ்சு வந்துவிட்டது. வாசலில் நின்று, "ரெண்டு காப்பி, ஒண்ணில சர்க்கரை குறைச்சு!" என்று குரல் கொடுத்தது யார் என்கிறீர்கள்? அந்தப் பெரியவரேதான்.

பிற்பாடு அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமும் ஆயிற்று. அவளே பார்த்துச் சொன்ன மாப்பிள்ளை. பந்தியில்தான் அக்காவுக்கு விஷயம் தெரிந்தது: அவருக்குக் காப்பி பிடிக்காதாம், சாயாதான் பிடிக்குமாம். அக்கா இலையில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. "எனக்க தலையில இடி விழுந்துட்டே" என்று ஊர் வந்து சேரும்வரை புலம்பினாள்.

அக்கா போய்ச்சேர்ந்து ஆறு வருஷமோ ஏழு வருஷமோ ஆகிறது. அந்தக் கடை இன்னும் இருக்கிறதா, அது மூன்றாவது சந்தா நாலாவது சந்தா, நான் எழுதினதெல்லாம் சரிதானா என்று ஆரியசாலைப் பக்கம் இருக்கிற யாராவது போய்ப் பார்த்துச் சொல்லுங்கள். அக்கா முன்னால் போவாள், நான் பின்னால் போவேன். வழியை நான் பார்த்து வைக்கவே இல்லை.